கஞ்சா, மரிஜுவானா, சணல்: எந்தச் சொல் எதற்கு?

மாதகல், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரைகளில் பொதி பிடிபட்டால் யாழ்ப்பாணப் பத்திரிகையில் ‘கேரளக் கஞ்சா மீட்பு’ என்று தலைப்பு வரும். உலகச் செய்திப் பக்கத்தில் இதே பொருள் ‘மரிஜுவானா’ ஆகிவிடும். வாசிப்பவர் அதை வேறேதோ புதுச் சரக்கு என்று நினைத்தால் பிழை அவருடையதல்ல. (‘கேரள’ என்பதும் ஊர்ப்பெயராக இருந்து வியாபாரப் பெயராகிப்போன அடைமொழிதான். எங்கே விளைந்தாலும் பாக்குநீரிணை தாண்டி வந்தால் அது கேரளக் கஞ்சா.)

கஞ்சா வடமொழி வழியாக வந்த சொல். சிங்களத்திலும் இந்தியிலும் சிறிய ஒலி மாற்றத்தோடு இதே சொல்தான். 19 ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு கடல் கடந்து ஜமெய்க்காவுக்கும் போனது, அங்கே சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. இறுக்கமாகப் பொருள் சொன்னால் கஞ்சா என்பது முழுச் செடியல்ல. இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் பூங்கொத்துதான் கஞ்சா. இலைக்குப் பெயர் பங்கி. பிசினுக்குப் பெயர் சரஸ். பூவை ஒட்டிய சிற்றிலைகளில்தான் பிசின் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. மகரந்தம் பட்டு விதை கட்டத் தொடங்கினால் பிசின் குறைந்துவிடும். 1961 ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையும் பூங்கொத்தைத்தான் வரையறுக்கிறது. பூங்கொத்தோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவிடுகிறது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டம் அதே வரையறையை எடுத்துக்கொண்டதால்தான் வட இந்தியாவில் அரசு அனுமதியோடு பங்கிக் கடை நடக்கிறது.

மரிஜுவானா மெக்சிக்கோ ஸ்பானியச் சொல். ‘மரியா, ஹுவானா’ என்ற இரண்டு பெண் பெயர்கள் சேர்ந்து உண்டானது என்பது கேட்க நல்ல கதை, அவ்வளவுதான். அமெரிக்க வைத்தியர்கள் அதுவரை ‘கனபிஸ்’ என்றே மருந்துச் சீட்டில் எழுதிவந்தார்கள். 1937 இல் இதன் மீது வரிச்சட்டம் வந்தபோது அதற்கு வைத்த பெயர் மரிஜுவானா. தாங்கள் எழுதிக்கொடுக்கும் மருந்தைத்தான் சட்டம் குறிவைக்கிறது என்பது பல வைத்தியர்களுக்கு விளங்கவேயில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதி காங்கிரஸ் குழுவில் முறையிட்டார். எடுபடவில்லை.

இனி, எழுதுகிறவர்கள் அதிகம் இடறுகிற இடம். ஆங்கிலத்தில் ‘ஹெம்ப்’ (நாருக்காக வளர்க்கும் கஞ்சாச் செடி வகை) என்று கண்டவுடன் அகராதியைப் பார்த்துச் ‘சணல்’ என்று போட்டுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் சணல் என்றால் பசுந்தாள் பசளைக்கு விதைப்பது. மஞ்சள் பூ, அவரைக் குடும்பம், ஒவ்வொன்றும் தனித்த நீள இலை. காய் முற்றினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். பூக்கத் தொடங்கும் பருவத்தில், ஏறக்குறைய 45 நாளில், உழுது மண்ணோடு புரட்டிவிடுவார்கள். பிந்தினால் தண்டு நாராகி மண்ணில் உக்க நாளெடுக்கும். சாக்குத் தைக்கிற சணல் இன்னொரு செடி. கஞ்சாச் செடிக்கு விரித்த கைபோல 5 முதல் 9 வரை கூறுகள், ஓரம் வாள்பல். மூன்றுக்கும் பொதுவானது தண்டு நார் மட்டும். ‘அமெரிக்கா 2018 இல் சணலை அனுமதித்தது’ என்று எழுதினால் இங்கே தோட்டக்காரர் சிரிப்பார். போதை தரும் கூறான ரி.எச்.சி. 0.3 வீதத்துக்கு மேற்படாத அந்த வகைக்கு ‘நார்க்கஞ்சா’ என்று எழுதினால் குழப்பமில்லை. இன்னொரு பொறி, கஞ்சாங்கோரை. பெயரில் கஞ்சா இருந்தாலும் அது துளசி இனம்.

தனித்தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் சித்த மருத்துவ ஏடுகளிலிருந்து சிவமூலி, கோரக்கர் மூலி என்பவற்றை எடுத்துக்காட்டுவார்கள். அவை மருந்துக்கான பரிபாசைப் பெயர்கள். வழக்குப் பதிவிலோ செய்தியிலோ போட்டால் பொருள் மறைந்துபோகும். கஞ்சா என்றே எழுதலாம். மரிஜுவானா தமிழுக்குத் தேவையே இல்லை.

‘ஏன் இன்னும் தடை?’ என்ற விவாதத்திலும் இதே இரவல் நடக்கிறது. அந்த 1937 சட்டத்தைச் சுற்றிய அமெரிக்க அரசியல் கதையை எடுத்து அப்படியே இலங்கைக்கும் பொருத்துகிறார்கள். நம்முடைய ‘நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம்’ 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கம், அமெரிக்க வரிச்சட்டத்துக்கு முந்தியது. ‘இந்தியக் கஞ்சா’ சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது 1925 ஜெனீவா மாநாட்டில், அபினோடு சேர்த்து. ஔடதம் என்றால் மருந்து. சட்டத்தின் பெயரில் அந்தச் சொல் இருக்கிறது, மேடைகளில் ‘போதைப்பொருள்’ மட்டும்தான் கேட்கிறது. ஆயுர்வேத மருந்துக்கு உரிமத்தோடு கஞ்சா பெறும் வழி இன்றும் உண்டு என்பதைத் தடையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் சொல்வதில்லை.

விவாதிப்பவர்கள் பிரித்தறிய வேண்டிய இரண்டு சொற்கள் ‘சட்டபூர்வமாக்கல்’, ‘குற்றநீக்கம்’. கனடா 2018 இல் செய்தது முதலாவது: அனுமதிபெற்ற கடையில் விற்பனை. ஜமெய்க்கா 2015 இல் செய்தது இரண்டாவது: 2 அவுன்ஸ், அதாவது சுமார் 56 கிராம் வரை வைத்திருந்தால் தண்டச்சீட்டு, குற்றப்பதிவு இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு 27 க்கு 25 என்ற வாக்கில் எடுத்த முடிவு இந்த இரண்டுமே அல்ல. 1961 உடன்படிக்கையின் மிகக் கடுமையான 4 ஆம் அட்டவணையிலிருந்து மட்டும் கஞ்சாவை நீக்கினார்கள். 1 ஆம் அட்டவணையில் அது அபினோடு அப்படியே இருக்கிறது. அதை ‘ஐ.நா. அனுமதி’ என்று எழுதினால் பிழை.