பால் ஒவ்வாமை: உடல் மறக்காத உருவம்

"லாக்டோஸ் நீக்கிய பால்தானே, கொடுத்தால் என்ன?" பால் ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோரிடம் பலரும் இப்படிக் கேட்கிறார்கள். அக்கறையில் பிறக்கும் கேள்விதான், ஆனால் ஆபத்தானது. லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்கு வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வாமையைத் தூண்டுவது பாலின் புரதம். லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அந்தப் புரதம் அப்படியே இருக்கிறது.

பசும்பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். மீதி, பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் தங்கும் வே புரதங்கள். சிலருடைய நோயெதிர்ப்பு மண்டலம் இவற்றைப் பகையென்று எண்ணி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. தோல், குடல், மூச்சுப்பாதை ஆகியவற்றிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை பால் உள்ளே வந்ததும் புரதம் அதில் பொருந்த, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில், பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரலாம்.

இரத்தத்தில் இப்படி ஒன்று இருப்பதை 1921இல் ஜெர்மன் மருத்துவர் பிராஸ்னிட்ஸ் தம் உடலிலேயே காட்டினார். மீன் ஒவ்வாமை உள்ள தம் சகா கூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தைத் தம் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார். அந்த இடம் தடித்தது. அந்தப் பொருள் ஐஜிஇ என்று தெரியவர 1960களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐஜிஇ புரதத்தின் உருவத்தைப் பார்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பல குழப்பங்கள் தெளியும். வே புரதங்கள் மடிந்து சுருண்டவை. நெடுநேரச் சூட்டில் மடிப்பு அவிழ்ந்து அடையாளம் மாறும். கேசீனோ இயல்பிலேயே தளர்ந்த சங்கிலி, சூட்டுக்கு அசையாது. அதனால் காய்ச்சிய பால் பாதுகாப்பானதல்ல. ஆனால் மாவோடு கலந்து நன்றாக வெந்த கேக்கை, பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்கிக்கொள்கிறார்கள். யார் அந்தப் பாதியில் சேர்வார் என்பதை மருத்துவர் முன்னிலையில்தான் பார்க்க வேண்டும், வீட்டில் அல்ல. ஆட்டுப்பாலின் கேசீன் பசும்பாலின் கேசீனைப் பெரிதும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒவ்வாத பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சிறப்புப் பால்மாவில் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கியிருப்பார்கள். ஐஜிஇ அடையாளம் காண அதில் பெரும்பாலும் உருவம் மிஞ்சுவதில்லை.

ஐஜிஇ இல்லாமலும் பால் ஒவ்வாமை வரும். பல மணி நேரம், சில நாட்கள் கழித்துக்கூடக் குடலில் தெரியும். குழந்தையின் மலத்தில் இரத்தம் கலந்திருக்கலாம். கீழே சொல்லும் தோல் சோதனையில் இது அகப்படாது. சில வாரங்கள் பாலை நிறுத்திப் பார்த்து, மீண்டும் கொடுத்துத்தான் உறுதிசெய்வார்கள்.

தோல் சோதனையில் முன்கையில் பால் புரதச் சொட்டு வைத்து, அதன் வழியே மெல்லக் குத்துவார்கள். 15 நிமிடத்தில் கொசுக்கடி போலத் தடிப்பு எழும். வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட அது 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் தடித்துவிட்டாலே ஒவ்வாமை என்று முடிவுகட்டக் கூடாது. ஐஜிஇ இருந்தும் பாலை நிம்மதியாகக் குடிப்பவர்கள் உண்டு. இதை அறியாமல் குழந்தையின் உணவைச் சுருக்கிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உறுதியான ஒவ்வாமை என்றால் பொட்டலத்தில் கேசீன், கேசினேட், வே ஆகிய சொற்களைத் தேடிப் படியுங்கள். மூச்சு திணறினாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள்; அது மூச்சுப்பாதையைத் திறக்காது.

பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதிலிருந்து மீள்கிறார்கள். ஆகவே ஒருமுறை சொன்ன "கூடாது" என்பதையே ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டிராமல், மறுபரிசோதனை கேளுங்கள். மருத்துவமனையில், ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, முதலில் சில சொட்டுப் பால் தருவார்கள். சிறிது நேரம் காத்திருந்து இன்னும் கொஞ்சம். இப்படியே ஏற்றிக்கொண்டு போய், ஒரு முழுக் கோப்பை வரை.