ப்ராஜெக்ட் கோப்புக்குள் படம் இல்லை

ஒரு மணி நேர ஆவணப்படத்தின் ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்த மூலப் பதிவு) டெராபைட் கணக்கில் இருந்தாலும், அதை எடிட் செய்த ப்ராஜெக்ட் கோப்பு பெரும்பாலும் மெகாபைட் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கோப்புக்குள் ஒரு பிரேம்கூடக் கிடையாது என்பதே காரணம். எந்தக் கோப்பில், எந்த டைம்கோடிலிருந்து (பிரேமின் நேரக் குறியீடு) எதுவரை எடுத்து, டைம்லைனில் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் இடம்) எங்கே வைப்பது என்ற குறிப்புகள்தாம் அதில் உள்ளன. எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவின் ப்ராஜெக்ட் கோப்பு உண்மையில் சுருக்கி வைக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். (குறிச்சொற்களால் எழுதப்படும்) உரை, விரித்தால் படித்தே பார்க்கலாம். ஆகவே முடிந்த வேலையை ஆர்கைவ் செய்ய, அதாவது பிற்காலத்துக்குப் பாதுகாத்து வைக்க, இந்தக் கோப்பு மட்டும் போதாது.

இக்குறிப்புகள் ஃபுட்டேஜை அதன் பெயரையும் அது இருக்கும் முகவரியையும் கொண்டு தேடுகின்றன. வேலை முடிந்ததென்று கோப்புறைகளை வேறு டிஸ்க்குக்கு நகர்த்தியதும் முகவரி மாறி, படம் தெரிய வேண்டிய இடத்தில் ‘மீடியா ஆஃப்லைன்’ என்ற அறிவிப்பு நிற்கும். புதிய இடத்தைக் காட்டி மீண்டும் இணைக்கலாம். ஆனால் புது கார்டைப் போட்டதும் ‘சி0001’ என முதலிலிருந்தே எண்ணத் தொடங்கும் கேமராக்கள் உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஷாட்டுகள் இருந்தால், எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறானது வந்து உட்கார்ந்துகொள்ளக்கூடும். ஆஃப்லைன் அறிவிப்பாவது கண்ணில் படும், இது படாது. எனவே ஒவ்வொரு கார்டையும் தனிக் கோப்புறையாக, பெயர் மாற்றாமல் வைத்திருப்பது அவசியம்.

டாவின்சி ரிசால்வ் என்ற மற்றோர் எடிட்டிங் மென்பொருளில் ப்ராஜெக்டை ஏற்றுமதி செய்தால் குறிப்புகள் மட்டுமே வரும். ஆர்கைவ் செய்தால்தான் ஃபுட்டேஜும் சேர்ந்து வரும். பிரீமியரின் ப்ராஜெக்ட் மேனேஜர், பயன்படுத்திய பகுதிகளை மட்டும் நறுக்கியெடுக்கவும் உதவுகிறது. ஆனால் எச்.264 போன்ற சுருக்க முறைகளில் எடுத்த பதிவுகளில் பெரும்பாலான பிரேம்கள் அண்டைப் பிரேம்களிலிருந்து தாம் வேறுபடும் அளவை மட்டுமே சேமிப்பதால், நினைத்த இடத்தில் வெட்ட மறுகுறியாக்கம் (படத்தை மீண்டும் சுருக்கி எழுதுவது) தேவைப்படும். மூலத்தை முழுதாக வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. ரெண்டர் (மென்பொருள் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த காட்சிகள்), ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்கள்) கோப்புகளை மீண்டும் உருவாக்கலாம் என்பதால் அவற்றைத் துணிந்து நீக்கலாம். எழுத்துருக்களையும் பிளக்இன் (கூடுதலாகச் சேர்த்த துணை மென்பொருள்) விவரங்களையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. 2011 ஜூனில் வெளிவந்த ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், முந்தைய 7ஆம் பதிப்பின் ப்ராஜெக்டுகளைத் திறக்கவில்லை. ஆகவே டைம்லைனை எக்ஸ்.எம்.எல். ஆகவும் இ.டி.எல். (வெட்டுகளின் பட்டியல்) ஆகவும் எடுத்து வைப்பதோடு, திரையில் எழுத்துகள் இல்லாத மாஸ்டர் (முடிந்த படத்தின் உயர்தரப் பிரதி) ஒன்றையும், வசனம், இசை, பிற ஒலிகள் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேமிக்க வேண்டும். 25 பிரேம் வேகத்தில் எச்.டி. அளவுள்ள, ப்ரோரெஸ் 422 எச்.க்யூ. என்ற உயர்தர வடிவிலான மாஸ்டர், மணிக்குச் சுமார் 83 ஜிகாபைட் பிடிக்கும்.

பெரிய நிறுவனங்கள் 18 டெராபைட் கொள்ளும் எல்.டி.ஓ.-9 காந்த நாடாக்களை நாடுகின்றன. மற்றவர்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், இரண்டு இடங்களில். நகலெடுக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் எம்.டி.5 போன்ற செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டுக் குறித்துக்கொண்டால், பின்னாளில் ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். அது பழுதைக் காட்டுமே தவிரச் சரிசெய்யாது. சரிசெய்ய இரண்டாவது பிரதிதான் வேண்டும்.

ஆர்கைவைத் திறந்து சோதிக்கும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அது இணைந்திருந்தால், விடுபட்ட ஷாட்டுகளை மென்பொருள் பழைய முகவரியிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும்.