காய்ச்சல் இல்லை என்பதால் பச்சிளங் குழந்தைக்கு நோயும் இல்லை என்று எண்ணாதீர்கள்

பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத இன்னொரு குழந்தை, உடல் குளிர்ந்து, பால் உறிஞ்சும் வலுவும் அற்றுப்போன பின்னரே எங்களிடம் கொண்டுவரப்பட்டது. ஏன் பிந்தியது என்று கேட்டால், திருகோணமலை நகரிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் ஒரே பதில்தான்: "காய்ச்சல் இல்லையே டொக்டர், பிள்ளை நல்லா நித்திரை கொண்டது."

குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், பிறவிக் குறைபாடு, கிருமித்தொற்று ஆகியவையே முதல் 28 நாட்களில் நிகழும் மரணங்களுக்கு முதன்மைக் காரணங்கள். அவற்றிலும் பெரும்பாலானவை முதல் ஏழு நாட்களுக்குள் நிகழ்கின்றன. வீடு திரும்பிய பின் நாம் தடுக்கக்கூடியது பெரும்பாலும் தொற்றினால் வரும் இழப்பே. நாம் கோட்டை விடுவதும் அதைத்தான்.

பெரியவர்களுக்குக் கிருமி தொற்றினால் உடல் கொதிக்கும். பச்சிளங் குழந்தைக்கு, அதிலும் குறைமாதப் பிள்ளைக்கு, வெப்பநிலை உயராமல் 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கவும் கூடும். அந்தக் குழந்தை அழாது, வீரிடாது; பால் நேரத்துக்கு எழும்பாமல் சோர்ந்து கிடக்கும். அந்தச் சோர்வைத்தான் "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று வீட்டார் மெச்சுகிறார்கள். பால் குடிக்க எழும்பாத குழந்தை நல்ல குழந்தை அல்ல, நோயுற்ற குழந்தை என்றே முதலில் கருத வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, பனடோல் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வெயிலில் பிள்ளை எப்படிக் குளிரும் என்றும் கேட்கிறார்கள். நனைந்த தலையுடன் மின்விசிறியின் கீழ் கிடத்தினால் இந்த ஊரிலும் குளிரும். முதல் 24 மணித்தியாலத்துக்குக் குளிப்பாட்டாதீர்கள். தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். சீனித்தண்ணீரும் தேனும் வேண்டாம். தாய்ப்பால் மட்டும் போதும், நாளொன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல்.

அமைதியாக இருக்கும் வேளையில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணும்போது மூச்சு அறுபதோ அதற்கு மேலோ இருந்தாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் நிறம் தெரிந்தாலும், அது உள்ளங்கை உள்ளங்காலுக்குப் பரவினாலும் உடனே புறப்படுங்கள். பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும் வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லும் அம்மம்மாக்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்: துடக்கைக் காரணம் காட்டி வைத்தியசாலைப் பயணத்தைப் பிற்போடாதீர்கள். குடும்பநல மாது வீட்டுக்கு வரும்போது, அவர் கேட்காவிட்டாலும், பிள்ளை பால் குடிப்பது குறைந்திருந்தால் சொல்லுங்கள். இரவானாலும் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. வரும் வழியிலும் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து, தலையை மூடிக் கொண்டுவாருங்கள்.