அகதிக் கோரிக்கை: கேஸ் எங்கே தோற்கிறது?

"யுஎன் கார்டு வந்துவிட்டது, அடுத்து எந்த நாடு?" அகதிகளுக்கு உதவும் வேலைக்கு வருகிற யாரும் அதிகம் கேட்கப்போகும் கேள்வி இதுதான். ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுக்கும் அந்த அடையாளக் கார்டைக் காட்டி எந்த நாட்டையும் "என்னை ஏற்றுக்கொள்" என்று கேட்க முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அந்த இடத்தில் புரோக்கர் வந்து உட்காருவான்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற ஆதாரமுள்ள அச்சத்தோடு சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர்தான் 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி அகதி. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பெரும்பாலும் அரசே கோரிக்கையை முடிவு செய்கிறது. சேராத நாடுகள் பலவற்றில் ஐ.நா. அகதிகள் ஆணையமான யுஎன்எச்சிஆர் முடிவு செய்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். கேஸ்கள் தோற்பது பெரும்பாலும் இன்டர்வியூவிலும் காகிதத்திலும்தான்.

ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டால் பலர் முதலில் சொல்வது வேலை இல்லை, கடன், பிள்ளைகள் படிப்பு. பொய் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் பொருளாதாரக் காரணம் மட்டும் பதிவானால் அந்த ஐந்து காரணங்களில் எதுவும் கோப்பில் இருக்காது. பிடித்துக்கொண்டு போனது, அடித்தது, வீட்டுக்கு வந்து மிரட்டியது எல்லாம் வெட்கத்தாலோ பயத்தாலோ உள்ளேயே தங்கிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், ஆணோ பெண்ணோ, அநேகமாக முதல் முறை வாய் திறப்பதில்லை. விசாரிப்பவரும் மொழிபெயர்ப்பாளரும் பெண்ணாகவோ ஆணாகவோ இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், பல இடங்களில் ஏற்பாடு செய்வார்கள். கேட்காதவரிடம் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். அதே விஷயத்தை அப்பீலில் முதல்முறையாகச் சொன்னால் "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். சித்திரவதைப்பட்டவரிடம் இப்படிக் கேட்பது எனக்கு இன்றும் எரிச்சல்தான். கேட்கத்தான் செய்கிறார்கள்.

தேதிகள் இன்னொரு பொறி. நினைவில்லாத தேதியை ஊகித்துச் சொல்ல வேண்டாம். "தேதி ஞாபகமில்லை, மழைக்காலம், மகளுக்கு அப்போது இரண்டு வயது" என்பது நல்ல பதில். தவறாக அடித்துச் சொன்ன தேதி, ஆறு மாதம் கழித்து நடக்கும் அடுத்த இன்டர்வியூவில் முரண்பாடாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளர் பேசுவது புரியாவிட்டால் மரியாதைக்காகத் தலையாட்டக் கூடாது. புரியவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லி, அது பதிவாகவும் வேண்டும். எழுதியதை வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்து போடாதீர்கள். அப்புறம், ஏஜென்ட் விற்கும் "ஜெயித்த கதை" வேண்டவே வேண்டாம். அதே கதையை அதே வரிசையில் அந்த அதிகாரி ஏற்கெனவே வேறு வாய்களிலிருந்து கேட்டிருப்பார். சொந்தக் கதையே போதுமானதாக இருந்தும் வாங்கிய கதையால் நம்பகத்தன்மையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நான் அதிகம் பயப்படும் இடத்துக்கு வருகிறேன்: குடும்ப விவரம். பதிவு செய்யும்போது எல்லோரையும் சொல்லுங்கள். பிரிந்து போன மனைவி, காணாமல்போன மகன், ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த குழந்தை, பதிவு செய்யாத திருமணம், எதையும் மறைக்க வேண்டாம். "ஆள் கூடினால் கேஸ் தாமதமாகும், தனி ஆள் என்று சொல்" என்பது வரிசையில் நிற்பவர்கள் கொடுக்கும் அறிவுரை. கேட்டால் கெட்டோம். கனடாவின் குடிவரவு விதிகளில் 117-ஆம் விதி இருக்கிறது: நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோது சொல்லாமல் விட்டு, அதனால் குடிவரவு அதிகாரிகள் பரிசோதிக்காமல் போன குடும்ப உறுப்பினரைப் பிற்பாடு ஸ்பான்சர் செய்ய முடியாதபடி அது அடைக்கிறது. இடையில் சலுகைக் கொள்கைகள் வந்தன. ஆனால் சலுகையை நம்பிக் குழந்தையை மறைக்க முடியாது. அகதியாகக் குடியேறியவர், சொல்லி வைத்த குடும்பத்தைப் பின்னால் அழைக்கக் கனடா தரும் தனி வழிக்குக் கெடு ஓராண்டு. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள், அதுவும் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கு மட்டும். புது நாட்டில் வீடு தேடி, வேலை தேடி, மொழி படித்து நிமிர்வதற்குள் அந்தக் கெடு போய்விடும். இறங்கிய வாரமே அந்த மனுவை எடுத்து வையுங்கள்.

மற்ற கெடுக்களும் இரக்கமற்றவை. அமெரிக்காவுக்குள் இருந்து தஞ்சம் கோருபவர் கடைசியாக நுழைந்து ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றை நிரூபிப்பது உங்கள் தலையில். கனடாவில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 15 நாள். யுஎன்எச்சிஆர் நிராகரித்தால் பொதுவாக 30 நாள். நிராகரிப்புக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுபவர்களை என்ன சொல்வது, அழத்தான் செய்வார்கள். உதவுபவரின் முதல் வேலை அந்தக் கடிதத்தில் தேதியைப் பார்ப்பது.

தொலைபேசி எண்ணையோ முகவரியையோ மாற்றினால் உடனே தெரிவியுங்கள், தெரிவித்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். அழைத்தோம், எடுக்கவில்லை, கோப்பு மூடப்பட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அமெரிக்கக் குடிவரவு நீதிமன்றத்தில் விசாரணைக்கு வராவிட்டால் ஆள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு போட முடியும். கவுன்டரில் "சிஸ்டத்தில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றால் வெறும் கையோடு திரும்பாதீர்கள். பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

தஞ்சமடைந்த நாட்டிலிருந்து வேறொரு நாட்டுக்கு அழைத்துக் குடியமர்த்தும் மறுகுடியேற்றத்துக்குத் தனியாக விண்ணப்பப் படிவம் கிடையாது. சித்திரவதையிலிருந்து தப்பியவர், ஆபத்தில் உள்ள பெண்கள், குழந்தைகள், மருத்துவத் தேவை உள்ளவர் என ஏழு வகைகளில் பொருந்துபவர்களை யுஎன்எச்சிஆர் தேர்ந்து பரிந்துரைக்கும், ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாடு. உலக அகதிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே ஓர் ஆண்டில் இது கிடைக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் மறுகுடியேற்றத் திட்டத்தை நிறுத்தியபோது, பயண நாள் குறித்து ஒப்புதலும் வாங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். 2026 நிதியாண்டுக்கு அது வைத்த உச்சவரம்பு 7,500. முந்தைய ஆண்டு 1,25,000. யுஎன்எச்சிஆர் பதிவு, இன்டர்வியூ, பரிந்துரை எதற்கும் பணம் வாங்குவதில்லை. "பட்டியலில் பெயர் ஏற்றித் தருகிறேன்" என்பவர் உள்ளே வேலை பார்ப்பவராகவே இருந்தாலும் திருடன்தான். கொடுக்காதீர்கள், புகார் செய்யுங்கள். புகார் செய்தால் கேஸ் கெடும் என்று மிரட்டுவதும் அந்தத் தொழிலில் ஒரு பகுதி.

இந்த வேலையைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மொழி தெரியும், நல்ல மனம் இருக்கிறது என்பதற்காகப் படிவம் நிரப்பிச் சட்ட ஆலோசனை சொல்லத் தொடங்க முடியாது. பிரிட்டனில் உரிய தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது குற்றம், இலவசமாகச் செய்தாலும். கனடாவில் கட்டணம் வாங்கிச் செய்ய வழக்கறிஞராகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: அரசின் நீதித்துறை அமைச்சு (Department of Justice) அங்கீகரித்த லாபநோக்கமற்ற அமைப்பில் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி ஆகலாம். சட்டப் பட்டம் தேவையில்லை, பயிற்சி தேவை. அதுவரை மொழிபெயர்க்கலாம், கூடப் போகலாம், கெடுக்களைக் காலண்டரில் குறிக்கலாம், கோப்பின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்து அவரிடமே கொடுக்கலாம். அசலை மட்டும் யாரிடமும் விட்டுவர விடாதீர்கள்.