வல்லாரைக்கு எதற்குப் ‘பிரம்மி’?

மயிலாப்பூரில் போன வாரம் ஒரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் ‘பிரம்மிப் பொடி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் வல்லாரை இலைப் படம் போட்டிருந்தார்கள். வாட்ஸாப் மருத்துவக் குறிப்பு, நாளிதழ் இணைப்பு, முகக்களிம்பு விளம்பரம் என எங்கும் இதே கூத்து. படித்துப் படித்து அலுத்துவிட்டது.

வல்லாரை, தாவரவியலில் சென்டெல்லா ஏசியாட்டிகா. கேரட், கொத்துமல்லி, சீரகத்தின் குடும்பம். ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் தானாகப் படரும். ‘கல்வியில் வல்லாரை ஆக்குவதால் வல்லாரை’ என்று சிலர் சொல்வது எனக்கு ஒட்டவில்லை. ஆரை, புளியாரை, வல்லாரை என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஈரத்தில் தரையோடு படரும் கீரைகள். குடும்பம் வெவ்வேறுதான், ஆரை பெரணி வகையே. ஆனாலும் பெயர் வைத்தவர்கள் பார்த்தது படர்கிற விதத்தை. வல் + ஆரை என்பதே பொருத்தம்.

இனி பிரம்மி. அது பகோபா மொன்னியேரி என்ற வேறு செடி. இதுவும் சதுப்பில் வளரும், இதையும் நினைவாற்றலுக்குத்தான் கொடுப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் இலையைப் பார்த்தவர் குழம்ப மாட்டார். வல்லாரை இலை நீண்ட காம்பில் சிறுநீரக வடிவில் அகலமாக நிற்கும். பகோபாவின் இலை காம்பில்லாமல் குட்டியாக, தடிப்பாக இருக்கும். தமிழில் அதற்கு நீர்ப்பிரமி என்ற பெயர் ஏற்கெனவே உண்டு.

வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையைப் பிரம்மி என்கிறார்கள். அந்த வழக்கத்தை ஆங்கிலக் கட்டுரைகள் வாங்கிக்கொள்ள, நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை அப்படியே இறக்குமதி செய்கிறார்கள். ‘பிரம்மி என்றால்தான் எல்லா மாநிலத்தாருக்கும் புரியும்’ என்று ஒரு நண்பர் வாதாடினார். பாலக்காட்டைத் தாண்டினாலே அந்த வாதம் நிற்காது: கேரளத்தில் பிரம்மி என்றால் பகோபா, வல்லாரைக்குப் பெயர் குடங்ஙல். வடமொழி மருத்துவ நூல்களை எடுத்துக்கொண்டாலும் சரக சம்ஹிதை வல்லாரையை மண்டூகபர்ணி என்கிறது. மண்டூகம் தவளை, பர்ணி இலை. பிரம்மி அங்கே தனிப் பெயர். ஆக, வடமொழிப் பற்றால் எழுதுகிறோம் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

மருந்துப் பெயரில் இந்த அலட்சியம் ஆகாது. இரண்டிலும் உள்ள வேதிப்பொருள்கள் வேறு: ஒன்றில் ஏசியாட்டிகோசைடு, மற்றதில் பகோசைடு. பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறோம் என்று ஒரு தாய்க்குத் தெரிய வேண்டாமா? ஆங்கிலத்தில் பிரம்மி என்று கண்டால், கூடவே இருக்கும் தாவரவியல் பெயரைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. சென்டெல்லா என்றிருந்தால் நம் வீட்டுத் துவையலுக்கு அரைக்கிற கீரையின் பெயரை எழுதுங்கள்.