தாழ்த்திய சார்ஜரில் 22 அங்குல வீல்: நின்றால் பொருந்தும், ஓடினால்?

டாட்ஜ் சார்ஜரைத் தாழ்த்தி 22 அங்குல வீல் மாட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். படத்தில் வண்டி நின்றுகொண்டிருக்கும், ஸ்டியரிங் நேராக இருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நிலையில் ஏறக்குறைய எந்த வீலும் பொருந்திவிடும். நாலு பேர் ஏறி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது டயர் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீலுக்குப் பணம் கட்டும் முன்பே அதை அளந்து தெரிந்துகொள்ளலாம். பலர் கட்டிய பிறகுதான் அளக்கிறார்கள்.

இங்கே பேசுவது கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் 2023 வரை தயாரான நான்கு கதவு சார்ஜரைப் பற்றி. தமிழர்கள் நிறைய வாழும் ஊர் அது. குளிரில் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து சாலை குழி விழும் பகுதியும்கூட. 11 அங்குல அகல வீலோடும் பெருத்த ஃபெண்டரோடும் ஆலையிலிருந்தே வந்த வைட்பாடி ரகத்தின் கணக்கு வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

வீலை வாங்கிவிட்டு வண்டியைத் தாழ்த்துவது தலைகீழ் வரிசை. எவ்வளவு தாழ்த்தப் போகிறீர்கள் என்று தெரியாமல் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று சொல்ல முடியாது. 30 மிமீ தாழ்த்தினால், வீல் மேலே போய் பம்ப் ஸ்டாப்பில் (அதன் ஏற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) இடிக்கும்வரை இருந்த தூரத்தில் 30 மிமீ போய்விட்டது. அதை ஈடுகட்டத்தான் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் கூடுதல் விறைப்போடு வருகின்றன. பழைய ஷாக் அந்த விறைப்பைக் கட்டுப்படுத்தத் திணறும். ஓடித் தேய்ந்த ஷாக்கோடு புது ஸ்பிரிங் போட்டால் வண்டி துள்ளும். துள்ளும் வண்டியில் டயர் ஃபெண்டரைத் தொடும். ஆகவே இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கின் சுற்றை அறுத்துத் தாழ்த்துவதை நாங்கள் செய்வதில்லை, செய்யச் சொல்வதுமில்லை. வீல் கீழே தொங்கும்போது அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நகர்ந்துவிடும்.

பல கடைகளில் தவறிப்போகும் ஒரு வேலை இதில் உண்டு. வீலை வண்டியோடு இணைக்கும் கைகளான கன்ட்ரோல் ஆர்ம்களின் புஷ் ரப்பர், உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருப்பது. வண்டியை லிஃப்டில் தூக்கி, வீல் பக்கம் கீழே தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியபடி நிற்கும். சில மாதங்களில் கிழியும். போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் விட்டு, ஹப்புக்கடியில் (வீல் மாட்டப்படும் சுழலும் பாகம்) ஜாக் வைத்து வண்டி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

ஆஃப்செட் கணக்கு

ஆஃப்செட் என்பது வீல் ஹப்பில் உட்காரும் முகம், வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மிமீ தள்ளியிருக்கிறது என்ற எண்; + என்றால் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது. வீலின் அகலத்தைப் பாதியாக்கி மில்லிமீட்டரில் எழுதுங்கள். அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் ஹப்பிலிருந்து உள்பக்கம் எவ்வளவு போகிறது என்று தெரியும், கழித்தால் வெளிப்பக்கம். 20×9 (விட்டம் 20, அகலம் 9 அங்குலம்), ஆஃப்செட் +20 என்ற வீலை எடுத்துக்கொள்வோம். பாதி 114 மிமீ. உள்ளே 134, வெளியே 94. அந்த இடத்தில் 22×10, +25 வீல் வந்தால் பாதி 127, உள்ளே 152, வெளியே 102. அதாவது உள்பக்கம் 18 மிமீ, வெளிப்பக்கம் 8 மிமீ கூடுதல். அதே வீல் +15 ஆஃப்செட்டில் வந்தால் இரண்டும் இடம் மாறும்: உள்ளே 8, வெளியே 18. உங்கள் பழைய வீலின் எண்கள் ஸ்போக்கின் பின்புறம் பொறித்திருக்கும், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் உள்ளே இடிப்பது பெரும்பாலும் டயரின் பக்கச்சுவரும் நக்கிளின் (ஹப்பைத் தாங்கி ஸ்டியரிங்கோடு திரும்பும் உலோகப் பாகம்) மேல்பகுதியும். வெளியே இடிப்பது ஃபெண்டரின் உள்மடிப்பு. நக்கிள் வீலோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், அங்கே 4 அல்லது 5 மிமீ இடைவெளி போதும். பாடி அப்படியல்ல, அங்கே 10 மிமீக்குக் குறையாமல் வையுங்கள். ‘எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி’ என்ற அளவு ஒரு பக்கம் தேவைக்கு அதிகம், இன்னொரு பக்கம் போதாது.

டயர்: விட்டம் சரி, எடை?

20 அங்குல ஆலை டயர் 245/45 ஆர்20: அகலம் 245 மிமீ, பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 20 அங்குலம். விட்டம் சுமார் 728 மிமீ. 22 அங்குலத்தில் அதிகம் விற்பவை இரண்டு: 265/35 ஆர்22, விட்டம் 744 மிமீ, 265/30 ஆர்22, விட்டம் 718 மிமீ. முதலாவது 2 சதவீதம் பெரியது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 102இல் ஓடும். டயரின் உச்சி ஃபெண்டரை நோக்கி 8 மிமீ ஏறும். இடம் குறைந்த வண்டியில் அந்த 8 மிமீ பெரிய விஷயம். அதனால் தாழ்த்திய வண்டிக்கு எல்லாரும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆலை டயரின் சுமை எண் பொதுவாக 99, அதாவது ஒரு டயருக்கு 775 கிலோ. 265/30 ஆர்22 டயரின் சுமை எண் பொதுவாக 97, அதாவது 730 கிலோ. டயருக்கு 45 கிலோ குறைவு, அதுவும் ஆள் ஏறாமலேயே இரண்டு டன்னை ஒட்டி நிற்கும் வண்டியில். இன்னும் இருக்கிறது. மெல்லிய டயர்கள் பெரும்பாலும் எக்ஸ்எல் ரகம், அதாவது கூடுதல் காற்று அடித்தால்தான் முழுச் சுமையைத் தாங்குபவை. அந்த 730 கிலோ சுமார் 42 பிஎஸ்ஐ காற்றில் கிடைக்கும் அளவு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள 32 பிஎஸ்ஐயை அப்படியே அடித்தால் டயர் அதைவிட வெகு குறைவாகத்தான் தாங்கும். சூடேறி, பக்கச்சுவரின் நூல் அறுந்து, கொப்புளம் கிளம்புவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது எளிது. அதே கதவுத் தூண் சீட்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே எடை வரம்பு இருக்கும். அதை இரண்டால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் பார்த்துவைத்த டயரின் சுமை அதற்குக் கீழே இருந்தால் அந்த டயர் வேண்டாம். மேலே இருந்தால், டயர் நிறுவனத்தின் சுமை-காற்று அட்டவணையைப் பார்த்துத் தேவையான காற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வீலுக்கும் இதே கணக்குத்தான்: பின்புறம் அதிகபட்ச சுமை பொறிக்காத வீலை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள். எஸ்ஏஇ ஜே2530 அல்லது ஜேடபிள்யூஎல் என்ற வீல் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பக்கச்சுவரின் உயரம் 110 மிமீயிலிருந்து 80 மிமீக்கு வருகிறது. குழியில் விழும் அடியை வாங்க ரப்பர் குறைந்த இடத்தில் ரிம் வாங்குகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வளைந்தும் கீறியும் வரும் 22 அங்குல வார்ப்பு ரிம்களுக்கு இதுதான் காரணம். டயர் முழுக்க இறங்கினால் ரிம் தரையைத் தொடும்போது வண்டியின் வேறெந்த பாகமும் முதலில் தரையைத் தொடக்கூடாது. கலிஃபோர்னியாவில் இது சட்டமாகவே இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் பிரேக் குழாயைக் காப்பது இந்த விதிதான்.

ஆல் வீல் டிரைவ் சார்ஜர் வைத்திருப்பவர்கள் முன்னே ஒரு விட்டம், பின்னே ஒரு விட்டம் என்று போடக்கூடாது. இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் இரண்டுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஓயாமல் இழுபட்டுக்கொண்டிருக்கும்.

ஹப், நட், ஸ்டட்

சார்ஜரின் போல்ட் வட்டம் 5×115, அதாவது ஹப்பில் 115 மிமீ விட்ட வட்டத்தில் ஐந்து ஸ்டட் (நட் ஏறும் மரைக்கம்பி). சந்தையில் மலிந்து கிடப்பது 5×114.3. கையால் தள்ளினால் ஏறிவிடும் என்பதால் ‘ஒன்றும் ஆகாது’ என்று விற்கிறார்கள். வட்டத்தின் விட்டத்தில் 0.7 மிமீ வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டடும் 0.35 மிமீ விலகி நிற்கிறது. கூம்பு நட் தன் குழிக்குள் ஒரு பக்கமாக மட்டும் உட்காரும், ஸ்டட் வளைந்தபடி இறுகும். ஓட்ட ஓட்ட நட் தளரும். இதில் விட்டுக்கொடுக்க வழியே இல்லை.

ஹப்பின் நடுவட்டம் 71.5 மிமீ. வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடையில் வளையம் போட்டால்தான் வீல் நடுவில் உட்காரும். இல்லையேல் 90, 100 கிமீ வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. மாட்டும் முன் ஹப் முகத்தில் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். துருவின் மேல் இறுகிய நட், துரு உதிர்ந்ததும் தளர்ந்துவிடும்.

ஸ்டட் எம்14, மரைக்கு மரை 1.5 மிமீ. நட் குறைந்தது 14 மிமீ ஆழம் பிடிக்க வேண்டும், அதாவது ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல். விரலால் சுற்றி எண்ணிப் பாருங்கள். 5 மிமீ ஸ்பேசர் நடுவில் போட்டால் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். அப்போது நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக்கூடாது. மரையில் எண்ணெய் பூசாதீர்கள். கைநூல் சொல்லும் இறுக்கம் (ஆண்டைப் பொறுத்து 110 அல்லது 130 அடி-பவுண்டு) உலர்ந்த மரைக்கானது; எண்ணெய் இருந்தால் அதே எண்ணில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கிமீ ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

ஸ்பிரிங் இல்லாமல் ஒரு சோதனை

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் மட்டும் மாட்டுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைப் பழகியவர்தான் கையாள வேண்டும். நழுவினால் உயிருக்கே ஆபத்து. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, புது வீலை மாட்டி, ஹப்புக்கடியில் ஜாக் வைத்து பம்ப் ஸ்டாப் அமுங்கும்வரை ஏற்றுங்கள். இப்போது ஸ்டியரிங்கை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். டயரின் தோளில் சாக்பீஸ் தடவியிருந்தால் எங்கே தொடுகிறது என்று ஃபெண்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் வெள்ளையாகத் தெரியும். நேராக இருக்கும்போது தொடாதது பாதி ஒடித்ததும் லைனரின் முன்மூலையில் தொடும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு.

பிளாஸ்டிக் லைனர் லேசாக உரசினால் அந்த இடத்தைச் சூடாக்கி உள்ளே தள்ளிவிடலாம். பின் ஃபெண்டரின் உள்மடிப்பை உருட்டி மடக்கலாம், ஆனால் பெயின்ட்டை ஹீட் கன்னால் நன்றாகச் சூடாக்கி, பல தடவையாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே தடவையில் மடக்கினால் மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். சாலை உப்பு அந்த விரிசல் வழியே நுழைந்தால் இரண்டு குளிர்காலத்தில் ஃபெண்டர் ஓரம் துருப்பிடித்து உப்பிவிடும். முடித்த இடத்தில் சீலர் பூசுவதை மறக்காதீர்கள். மடிப்பைத் தாண்டித் தகட்டையே டயர் தொட்டால், அகலம் குறைந்த வீலுக்கு மாறுவதே சரி.

கடைசியாக அலைன்மென்ட். ஸ்பிரிங் இறங்கி உட்கார 500 கிமீயாவது ஓட விட்டுச் செய்யுங்கள். தாழ்த்தியதும் பின் வீல்கள் மேல்பக்கம் உள்ளே சாயும்; இந்தச் சாய்வுதான் கேம்பர். ஆலை தந்த சரிசெய்யும் வரம்பு போதாவிட்டால் நீளம் மாற்றக்கூடிய கேம்பர் லிங்க் வாங்க வேண்டிவரும். டயரின் உள்ஓரம் கம்பி தெரியத் தேய்ந்து வரும் வண்டிகளில் பழி கேம்பர் மேல் விழுகிறது. அளந்து பார்த்தால் டோவும் (மேலிருந்து பார்த்தால் வீல் நேராக இல்லாமல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சேர்ந்தே விலகியிருக்கும், வேகமாகத் தேய்ப்பது அதுதான். அளவுத்தாளை அச்சிட்டு வாங்கி, டோ எண்ணை முதலில் பாருங்கள்.

குளிர்காலத்துக்கு 20 அங்குல வீலில் தனி டயர் செட் வைத்துக்கொள்வது நல்லது. காற்றழுத்த சென்சார்களை அதிலும் பொருத்துங்கள், நட்டின் கூம்பு அந்த வீலின் குழிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள், 100 கிமீக்குப் பின் அதையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.