தரையில் உட்காரத் தெரிந்த கால்

எழுந்து, வெறுங்காலோடு தரையில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். இந்தியக் கழிவறையில் உட்காருகிற மாதிரி, இரண்டு உள்ளங்காலும் முழுசாகத் தரையில் பட வேண்டும். இப்போது கணுக்காலைக் கவனியுங்கள். நிற்கும்போது பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே ஏறக்குறைய செங்கோணம் இருந்தது. குந்தியதும் முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால் போய்விட்டது. கெண்டைக்கால் சுமார் 30 டிகிரி, சிலருக்கு அதற்கும் மேலே, முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. கணுக்கால் இந்த அளவுக்கு மடங்காவிட்டால் குதிகால் தூக்கிக்கொள்ளும். அதை வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்தி வைத்தால் உடம்பின் எடை குதிகாலுக்குப் பின்னால் போய்விடும், மல்லாக்க விழுவோம்.

அடுத்து சம்மணம் போடுங்கள். பாதம் உள்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது, கணுக்காலின் வெளிப்பக்க முட்டி தரையில் படுகிறது. பாதம் திரும்ப மறுத்தால் அது ஒரு முட்டுக்கட்டையாக நின்று முழங்காலை மேலே தூக்கிவிடும். பந்தியில் அப்படி ஒருவரால் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது.

பழகிப்போனதால் யாரும் யோசித்தே பார்க்காத இந்த இரண்டு அசைவுகளைத்தான் 1960களில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் ஒரு எலும்பு மருத்துவர் விடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் பிரமோத் கரண் சேத்தி, பின்னாளில் ‘ஜெய்ப்பூர் கால்’ என்று பெயர் பெற்ற செயற்கைக் காலை உருவாக்கியவர்களில் ஒருவர். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தவர், அறுவை சிகிச்சையில் தேர்ந்தவர். அவரிடம் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு போனவர்களில் பலர் கொஞ்ச நாளில் அந்தக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பியிருந்தார்கள். அறுவை சிகிச்சையில் குறையில்லை, காலின் அளவும் சரி. அப்புறம் ஏன்?

அன்றைக்குப் பரவலாக இருந்த செயற்கைப் பாதத்துக்கு ‘சாச்’ என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் கணுக்கால் மூட்டே கிடையாது. உள்ளே ஒரு விறைப்பான மரக்கட்டை பாதத்தின் முன்பகுதிவரை நீண்டிருக்கும். குதிகாலில் மட்டும் மெத்தென்ற ரப்பர். நடக்கும்போது குதிகால் தரையில் பட்டதும் அந்த ரப்பர் அமுங்கிக்கொடுக்கும், பாதம் பதமாகத் தரையில் இறங்குவது போல இருக்கும். அசையும் பாகம் இல்லாததால் தேய்மானம் குறைவு, பராமரிப்பும் அதிகம் வேண்டாம். அருமையான பொறியியல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெர்க்லிக்காரர்கள் பயனாளரைப் புரிந்துகொள்ளவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் செயற்கை உறுப்பு ஆராய்ச்சி வேகம் பிடித்ததே இரண்டாம் உலகப்போரில் கை கால் இழந்து திரும்பிய படைவீரர்களுக்காகத்தான். அவர்கள் காலையில் ஷூ மாட்டினால் இரவில்தான் கழற்றுவார்கள். நாற்காலியில் உட்காருவார்கள், மேசையில் சாப்பிடுவார்கள், சமதளமான நடைபாதையில் நடப்பார்கள். அந்த வாழ்க்கைக்கு ‘சாச்’ கச்சிதமாகப் பொருந்தியது. ஷூவும் அந்தப் பாதத்தில் ஒரு பாகம் என்றே சொல்லலாம். தேய்மானத்தையும் ஈரத்தையும் ஷூதான் தாங்கியது, பாதம் எப்படித் தெரிகிறது என்பதையும் அதுதான் மறைத்தது.

ராஜஸ்தானின் விவசாயியிடம் அந்த ஷூ இல்லை. இருந்தாலும் பாய்ச்சல் நடக்கிற வயலில் அதைப் போட்டுக்கொண்டு இறங்க முடியாது. சேற்றில் ஷூ சிக்கி நின்றுவிடும். ஷூ இல்லாமல் நடந்தால் மெத்தென்ற ரப்பர் கிழியும், மரக்கட்டையில் தண்ணீர் ஊறும். வரப்பு ஒருபக்கம் சரிந்திருக்கும், பாதம் அதற்கேற்பப் பக்கவாட்டில் சாய மறுத்தால் அந்த விசை முழுவதும் வெட்டுப்பட்ட காலின் முனையில் போய் விழும். வீட்டுக்குள்ளேயும் கோயிலுக்குள்ளேயும் செருப்போடு போகக் கூடாது. சாப்பாடு தரையில். காலைக்கடனுக்குக் குந்தியே ஆக வேண்டும். இத்தனையும் ஒரே நாளில் வந்துபோகிற காரியங்கள். ஊன்றுகோல் அசௌகரியமானதுதான். ஆனால் ஊன்றுகோலோடு குந்தலாம், வயலில் இறங்கலாம். புதுக் காலோடு அது முடியவில்லை.

மருத்துவமனைக்குள்ளேயே இருந்து பார்த்தால் இதில் எதுவும் கண்ணில் படாது. சோதனை அறையில் சிமெண்ட் தரை, ஒரு நாற்காலி, பிடித்து நடக்க இரண்டு கம்பிகள். நோயாளி நாலு எட்டு நடந்து காட்டுவார். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால், பெரிய டாக்டர் முன்னால் நிற்கும் ஒரு ஏழை விவசாயி ‘நல்லாத்தான் இருக்குங்க’ என்பதைத் தவிர வேறென்ன சொல்லுவார்? அந்த அறையில் அது உண்மையும்கூட.

மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பதற்கென்று இன்று ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 9241-210. 2010இல் வெளியாகி 2019இல் திருத்தப்பட்டது. வடிவமைப்பு வேலையில் ‘பயன்பாட்டுச் சூழலை’ப் புரிந்துகொள்வதை அது முதல் வரிசையில் வைக்கிறது. பயன்படுத்துகிறவர் யார், எதைச் சாதிக்க முயல்கிறார், அதற்குக் கையில் என்ன இருக்கிறது, சுற்றியிருக்கும் இடமும் சமூகமும் எப்படிப்பட்டவை என்பதெல்லாம் சேர்ந்ததுதான் சூழல். கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் வடிவமைப்புப் படிக்கும் இளைஞர்கள்கூட இதைப் பயனாளரின் வயது, வருமானம், படிப்பு என்று ஒரு படிவத்தில் நிரப்பிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அமெரிக்கப் படைவீரரையும் ராஜஸ்தான் விவசாயியையும் அப்படிப் படிவத்தில் போட்டால் இருவருமே ‘முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இழந்த, உழைக்கும் வயது ஆண்’. வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் அவர் எங்கே உட்காருகிறார் என்று போய்ப் பார்த்தாக வேண்டும்.

ஜெய்ப்பூரில் அதைப் பார்க்கிற கண் ஏற்கெனவே மருத்துவமனைக்குள் இருந்தது. ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞர் அங்கே வேலை பார்த்தார். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லை, கைவேலையில் அசாத்தியத் திறமை. எல்லோரும் ‘மாஸ்டர்ஜி’ என்றுதான் கூப்பிடுவார்கள். உடற்கூறும் விசைகளும் சேத்திக்குத் தெரியும். நோயாளிகள் வாழ்கிற வாழ்க்கையும் உள்ளூர்ப் பட்டறைகளில் என்னென்ன கிடைக்கும் என்பதும் சர்மாவுக்குத் தெரியும். சைக்கிள் டயர் பஞ்சராகி ஒரு கடையில் நின்றபோது, அங்கே தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடுவதைப் பார்த்துத்தான் ரப்பர் பாதம் செய்யும் யோசனை அவருக்கு வந்தது என்று சொல்வார்கள்.

முழுப் பாதத்தையும் கெட்டி ரப்பரில் வார்த்தால் எடை அதிகம், விறைப்பும் அதிகம். அதனால் பாதத்தின் உள்ளே மூன்று தனித்தனித் துண்டுகள் வைத்தார்கள். கணுக்கால் இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டு. அதில் பதித்த போல்ட்டில்தான் மேல் கால், அதாவது பாதத்துக்கு மேலே வருகிற பகுதி, பொருந்தும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஹவாய் செருப்பின் அடியில் இருக்கிற மாதிரியான நுண்துளை ரப்பர். இந்த மூன்றையும் இன்னும் சூடேற்றி இறுக்காத ரப்பர் பட்டைகளால் சுற்றி, கிழியாமல் இருக்க டயருக்குள் இருக்கும் நைலான் நூல் பட்டைகளைக் கொடுத்து, அடியில் கெட்டியான டயர் ரப்பர், மேலே தோல் நிற ரப்பர் ஒட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் பாத வடிவ உலோக அச்சில் மூடிச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டில், ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடும். பிசுபிசுப்பாக இருந்த பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து, இழுத்தால் மீண்டு வரும் ஒரே கூடாக இறுகிவிடும். டயர் கடையில் நடப்பதும் இதே வல்கனைசிங்தான்.

இதன் சூட்சுமம் அந்த மரத்துண்டின் நீளத்தில் இருக்கிறது. ‘சாச்’ பாதத்தில் முன்வரை நீண்ட மரம், இங்கே கணுக்காலோடு நின்றுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் ரப்பர் மட்டும்தான். குந்தும்போது முன்பாதம் மேல்நோக்கி வளைகிறது, சம்மணத்தில் உள்பக்கம் முறுக்கிக்கொள்கிறது, வரப்பில் பக்கவாட்டில் சாய்கிறது. அச்சாணி, பேரிங், திருகு என்று எதுவும் இல்லாமல் எல்லாப் பக்கமும் அசைகிறது. மண்ணும் தண்ணீரும் போய் அடைத்துக்கொள்ள இடுக்கே இல்லை. விரல்களோடு, பழுப்பு நிறத்தில், வெறுங்காலாகவே வெளியே தெரியலாம் என்ற நினைப்பில் செய்த பாதம் அது. 1968 வாக்கில் ஜெய்ப்பூர் கால் இப்படித்தான் உருவெடுத்தது. சேத்திக்கு 1981இல் ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

கதையை இதோடு முடித்துவிடுகிறவர்கள் அதிகம். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. இவ்வளவு நல்ல கால் கிடைத்தும் முதல் ஆறேழு வருடங்களில் அது போய்ச் சேர்ந்தது சில டஜன் பேருக்குத்தான். குந்துகிற கால் தயார், அதை வாங்கிப் போகிற வழிதான் பழைய மாதிரியே இருந்தது. அளவு கொடுக்க ஒருமுறை, பொருத்திப் பார்க்க ஒருமுறை, சரிசெய்ய ஒருமுறை என்று ஊரிலிருந்து வர வேண்டும். ஒருகாலோடு பஸ் ஏற முடியாது, துணைக்கு ஒருவர் வர வேண்டும். இரண்டு பேர் கூலியும் போகும். தங்க இடமில்லை.

1975இல் டி.ஆர். மேத்தா பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அரசு அதிகாரியான அவரே 1969இல் ஒரு விபத்தில் படுகாயமடைந்து மீண்டவர். சமிதியில் எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் சாப்பாடு, தங்குமிடம், கால் எல்லாமே இலவசம். பெரும்பாலானவர்களுக்கு ஒரே நாளில் கால் பொருத்தி அனுப்பினார்கள். முதலில் மேல் காலை உள்ளூர்த் தொழிலாளர்கள் அலுமினியத் தகட்டில் அடித்துச் செய்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் கெட்டிப் பாலிஎத்திலின் குழாய் வந்தது. நோயாளியின் காலுக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சின் மேல் சூடாக்கிய குழாயை இழுத்துப் போர்த்தினால் மேல் கால் தயார். பயனாளரின் சூழல் என்பதில் அவருடைய ஊர் பஸ்ஸும், துணைக்கு வருகிறவர் இழக்கும் கூலியும் அடக்கம். பொருளை மட்டும் வடிவமைத்தவர்கள் பலர் தோற்கிற இடம் இது.

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு வலது காலை இழந்தார். அவருக்கு வேண்டியதோ வயலில் இறங்குகிற கால் இல்லை. வெறுங்காலால் தரையைத் தட்ட வேண்டும், அரைமண்டியில் நிற்க வேண்டும், சுழல வேண்டும். சேத்தியின் குழு அவருடைய ஆட்டத்துக்கு ஏற்றபடி காலைச் செய்து கொடுத்தது. 1984இல் அவர் மீண்டும் மேடை ஏறினார். யாழ்ப்பாணத்தில் 1987இல் ஒரு ஜெய்ப்பூர் கால் நிலையம் தொடங்கியது. கண்ணிவெடிகளில் கால் இழந்தவர்கள் நிறைந்த ஆப்கானிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் அந்தக் கால் போனது. அங்கேயும் தரையில்தான் உட்காருகிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அந்த ரப்பர் பாதம் எடை கூடியது, வயதானவர்களுக்கு அது பெரிய பாரம். கையால் செய்வதால் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது. குழாயைப் போர்த்தி அவசரமாகச் செய்கிற மேல் கால், காலின் முனையைச் சரியாகக் கவ்விப் பிடிப்பதில்லை என்று எலும்பியல் வல்லுநர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எடையைக் குறைக்க இஸ்ரோவின் விஞ்ஞானிகள் பாலியூரித்தேன் பாதம் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார்கள்.

முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்குகிற மலிவான முழங்கால் மூட்டு, மேடுபள்ளத்தில் உடம்பின் எடை அந்த அச்சுக்குப் பின்னால் விழுந்ததுமே மடங்கி ஆளைச் சாய்த்துவிடும். சமிதியும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து அதற்கு ஒரு மாற்று செய்தன. எண்ணெய் ஊறிய நைலானில் செய்து நாலு இணைப்புகளால் கோத்த மூட்டு. அதன் சுழல்மையம் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்கிறது. நிற்கும்போது எடை விழும் கோட்டுக்குப் பின்னால் இருந்து பூட்டிக்கொள்ளும். காலை எடுத்து வைக்கும்போது எளிதில் மடங்கும். ‘டைம்’ பத்திரிகை 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

மூட்டு தாங்கியது, மடங்கியது, விலையும் குறைவு. ஆனால் ஆரம்ப வடிவத்தைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் ‘டக்’ என்று சத்தம் வந்தது. தெருவில் போகும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிற சத்தம் யாருக்குப் பிடிக்கும்? சோதனைக்கூடத்தில் எடையும் உராய்வும் அளக்கிற கருவிகள் உண்டு, இந்தக் கூச்சத்தை அளக்க எதுவும் இல்லை. அணிந்து நடந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. பின்னால் வந்த வடிவத்தில் மூட்டுக்குள் சத்தத்தைக் குறைக்கும் ஒரு பம்பர் சேர்த்தார்கள். வெளித்தோற்றத்தையும் இயற்கையான முழங்கால் போல உருட்டி மாற்றினார்கள்.